உங்களுக்குத் தெரியுமா? ‘சார்டானிக்’ என்ற சொல்லுக்குள் ஒரு நச்சுச் செடி

ஆங்கில நாவல் படிக்கிறவர்கள் ‘சார்டானிக் ஸ்மைல்’ என்ற தொடரை எப்படியும் ஒருமுறை கடந்திருப்பார்கள். அகராதியைப் புரட்டினால் ‘ஏளனமான’ என்று ஒரே சொல்லில் பொருள் முடிந்துவிடும். ஆனால் இந்தப் பெயரடைக்குள் ஒரு தீவு இருக்கிறது. ஒரு காப்பியம் இருக்கிறது. நச்சுச் செடி ஒன்றும் உயிரைக் குடிக்கும் நோய் ஒன்றும் இருக்கின்றன. இதன் உறவுச் சொற்களிலும் பல கடியிலும் தீயிலும் வெட்டிலும் பிறந்தவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சொல் பிறந்த கதை

1. இந்தச் சொல்லின் மூத்த வடிவம் ஹோமரின் ‘ஒடிஸி’ 20ஆம் காண்டத்தில் இருக்கிறது. இருபது ஆண்டுகள் கழித்து ஒடிஸியஸ் பிச்சைக்காரன் வேடத்தில் தன் வீட்டுக்கே திரும்பி வருகிறான். அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்த கூட்டம் கூடத்தை அடைத்துக்கொண்டு, அவன் வீட்டுச் சோற்றையே தின்றுகொண்டிருக்கிறது. அதில் ஒருவனான க்டெசிப்பஸ், விருந்தாளிக்குப் பரிசு தருகிறேன் என்று சொல்லி மாட்டுக்கால் ஒன்றை எடுத்து வீசுகிறான். ஒடிஸியஸ் தலையை லேசாகச் சாய்த்துக்கொள்ள, அது சுவரில் போய் மோதுகிறது. அந்த நொடியில் அவன் மனத்துக்குள் சிரித்துக்கொண்ட சிரிப்புக்கு ஹோமர் கொடுத்த அடைமொழி ‘சர்டானியன்’.

2. அந்தச் சிரிப்பின் கணக்கு இரண்டு காண்டம் தள்ளித் தீர்கிறது. 22ஆம் காண்டத்தில் ஒடிஸியஸின் மாட்டுக்காரன் ஃபிலோய்ட்டியஸ், க்டெசிப்பஸை ஈட்டியால் குத்திச் சாய்க்கிறான். நீ எறிந்த மாட்டுக்காலுக்கு இது பதில் பரிசு என்று சொல்லியும் காட்டுகிறான். வாய் திறந்து பதில் சொல்லாத ஒடிஸியஸ் உள்ளுக்குள் சிரித்த சிரிப்பு அது. இன்றும் ‘சார்டானிக்’ என்றால் அந்த அடங்கிய கசப்புதான்.

3. ஹோமருக்குப் பின்வந்த கிரேக்கர்களுக்கு ‘சர்டானியன்’ விளங்காத சொல்லாகிவிட்டது. ‘சார்டோ’ என்று அவர்கள் அழைத்த சார்டினியாத் தீவோடு அதை முடிச்சுப்போட்டார்கள். எழுத்தும் ‘சர்டோனியஸ்’ என்று மாறியது. சார்டினியா இன்று இத்தாலியைச் சேர்ந்தது. மத்தியதரைக் கடலில் சிசிலிக்கு அடுத்த பெரிய தீவு.

4. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டைச் சுற்றிப் பயணக் குறிப்பு எழுதிய பவுசேனியஸ், சார்டினியாவில் நச்சுச் செடி என்று ஒன்றே ஒன்றுதான் உண்டு என்கிறார். செலரிக்கீரை போலத் தோற்றம். தின்றவர்கள் சிரித்தபடி சாவார்கள். நலமில்லாத சிரிப்புக்குச் ‘சர்டோனியச் சிரிப்பு’ என்று பெயர் வந்தது இதனால்தான் என்பது அவர் தரும் விளக்கம்.

5. தீவில் முதியவர்களைப் பலி கொடுக்கும் வழக்கம் இருந்தது, பலியாகும்போது அவர்கள் சிரித்தார்கள் என்றும் ஒரு பழங்கதை உண்டு. இன்னொரு கூட்டத்தார் தீவையே விட்டுவிட்டு, பல்லைக் காட்டுவதைக் குறிக்கும் ‘சைரெய்ன்’ என்ற கிரேக்க வினையில் வேரைத் தேடினார்கள். எந்த வழியில் போனாலும் ஒன்று மாறவில்லை: வாய் சிரிக்கிறது, மனம் சிரிக்கவில்லை.

6. கிரேக்கத்திலிருந்து லத்தீனுக்கும், அங்கிருந்து பிரெஞ்சுக்கும் போய்த்தான் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. முதலில் வழங்கியது ‘சார்டோனியன்’. எட்மண்ட் ஸ்பென்சர் 1596இல் வெளியிட்ட ‘தி ஃபேரி குவீன்’ இரண்டாம் பகுதியில், வஞ்சகன் ஒருவன் தன் எண்ணத்தை மறைக்கச் சிரிக்கும் சிரிப்புக்கு அந்தச் சொல்லை வைத்தார். ‘சார்டானிக்’ என்ற இன்றைய வடிவம் 17ஆம் நூற்றாண்டில் நிலைத்தது.

7. ‘சார்டோனிக்ஸ்’ என்ற செம்பட்டைக் கல்லுக்கும் சார்டினியாவுக்கும் தொடர்பு இருப்பதுபோலத் தோன்றும், இல்லை. அந்தப் பெயரில் இருப்பது இன்றைய துருக்கியில் இருந்த பழைய லிடியா நாட்டுத் தலைநகர் சார்டிஸ். நம் மீன்கடையில் மத்தி, சாளை என்று கேட்டு வாங்கும் மீனின் ஆங்கிலப் பெயரான ‘சார்டின்’ மட்டும் இந்தத் தீவின் பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது.

செடியும் நோயும்

8. பவுசேனியஸ் சொன்ன செடி எது என்பதற்கு 2009இல் ஒரு பதில் வந்தது. இத்தாலியின் கிழக்குப் பியட்மாண்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜியோவானி அப்பெண்டினோவின் குழு, சார்டினியாவில் ஈரநிலத்தில் வளரும் ‘ஓயினாந்தே’ இனச் செடியின் நச்சுப் பொருள்களைப் பிரித்து ஆராய்ந்தது. மூளையிலிருந்து தசைக்குப் போகும் துடிப்பை அடக்கிவைக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலையை அந்த நஞ்சு தடுக்கிறது. அடக்க ஆளில்லாத முகத்தசை இழுத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு அது சிரிப்பாகத் தெரியும்.

9. நச்சுச் செடிகள் பெரும்பாலும் கசக்கும். நாக்கே நம்மைக் காப்பாற்றிவிடும். இந்தச் செடி கசக்காது, மணமாக இருக்கும். ஆபத்தே அதில்தான்.

10. இந்தச் செடியின் குடும்பத்தை நமக்கு நன்றாகத் தெரியும். கொத்தமல்லி, சீரகம், சோம்பு, ஓமம், கேரட் எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். கி.மு. 399இல் சாக்ரடீஸ் குடித்த ஹெம்லாக் நஞ்சும் இதே குடும்பத்துச் செடியிலிருந்து எடுத்ததுதான். அஞ்சறைப்பெட்டிக்கும் நஞ்சுக் கோப்பைக்கும் நடுவே சில இலை வேறுபாடுகள் மட்டுமே இருக்கின்றன. அதனால்தான் காட்டிலும் வாய்க்கால் ஓரத்திலும் தெரியாத கீரையைப் பறிக்கக் கூடாது என்கிறார்கள் பெரியவர்கள்.

11. மருத்துவப் புத்தகத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. ரணஜன்னி என்று ஊரில் சொல்லும் டெட்டனஸ் முற்றும்போது நோயாளியின் தாடை கிட்டித்துப்போகும். புருவங்கள் மேலேறும், உதட்டின் இரு ஓரமும் பின்னுக்கு இழுபட்டுப் பல் தெரியும். கட்டிலருகே நிற்கும் உறவினருக்கு அவர் சிரிப்பதுபோல இருக்கும். அவரோ வலியின் உச்சத்தில் இருப்பார். நினைவும் தெளிவாக இருக்கும். இந்த முகத்துக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் லத்தீன் பெயர் ‘ரைசஸ் சார்டோனிகஸ்’, அதாவது சார்டோனியச் சிரிப்பு.

12. டெட்டனஸ் கிருமி விடும் நஞ்சும் ‘காபா’, ‘கிளைசின்’ என்ற இரண்டு அடக்கிகளும் நரம்பு முனையிலிருந்து வெளிவராமல் செய்கிறது. செடி வேறு, கிருமி வேறு. இரண்டும் தசைக்குத் தளர்வு சொல்லும் குரலையே அமுக்குகின்றன. அதனால் முகமும் ஒன்றாகிவிடுகிறது. இரண்டாயிரம் ஆண்டுப் பழங்கதைக்கும் இன்றைய நரம்பியலுக்கும் இப்படி ஒரு முடிச்சு விழுந்திருக்கிறது.

13. நம் ஊர் எட்டிக்காய்க்கும் இந்தச் சிரிப்பில் பங்குண்டு. எட்டி விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னைன் நஞ்சு ‘கிளைசின்’ வேலையைத் தடுக்கும்; நஞ்சு உண்டவர் முகத்திலும் அதே இழுப்பு வரும். எட்டி இனத்து விதையிலிருந்து ஸ்ட்ரிக்னைனை 1818இல் பிரித்தெடுத்தவர்கள் பெல்லத்தியே, கவென்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலாளர்கள்.

14. டெட்டனஸின் கொடுமையை முழு உருவில் தீட்டிவைத்தவர் ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் சார்லஸ் பெல். ஸ்பெயினில் போரில் காயம்பட்டுத் திரும்பிய படைவீரர்களுக்கு 1809இல் அவர் சிகிச்சை தந்தார். உடல் வில்லாக வளைந்து, தலையும் குதிகாலும் மட்டும் தரையில் ஊன்றிய ஒரு வீரனை அப்போது வரைந்தார். முகத் தசைகளைப் பற்றி ஓவியர்களுக்காக 1806இலேயே நூல் எழுதியவர் அவர். முகவாதத்தின் ஆங்கிலப் பெயரான ‘பெல்ஸ் பால்சி’யில் இருப்பதும் அவர் பெயர்தான்.

15. டெட்டனஸ் வருவது துருவால் அல்ல. மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி வித்துகள் காயத்துக்குள் போவதால் வருகிறது. துருப்பிடிக்காத முள்ளும் கண்ணாடிச் சில்லும் அதே ஆபத்தைத் தரும். தாய்க்கும் பச்சிளம் குழந்தைக்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2015இல் அறிவித்தது. கருவுற்ற தாய்மாருக்கு ஊசி, சுத்தமான பிரசவம், தொப்புள்கொடியில் சுத்தம் ஆகியவை தந்த வெற்றி இது. ஆனால் கிருமி மண்ணில் அப்படியேதான் இருக்கிறது. கடைசியாக ஊசி போட்டுப் பத்தாண்டு கடந்திருந்தால் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

16. ‘பேட்மேன்’ சித்திரக்கதை இதழ் 1940இல் தொடங்கியபோது முதல் இதழிலேயே வில்லன் ஜோக்கர் இந்தச் சிரிப்போடு வந்துவிட்டான். அவன் நஞ்சால் சாகிறவர்களின் முகத்தில் இளிப்பு உறைந்துவிடும். ஜோக்கரின் முகத்துக்கு மாதிரியாக இருந்தது ‘தி மேன் ஹூ லாஃப்ஸ்’ என்ற 1928ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் நடித்த கொன்ராட் ஃபைட்டின் முகம். அந்தப் படத்துக்கு மூலம் விக்டர் ஹியூகோ 1869இல் எழுதிய நாவல்.

சிரிப்பைப் படிப்பது எப்படி?

17. பிரெஞ்சு மருத்துவர் துஷேன் 1862இல் முகத்தசைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உதட்டோரத்தை உயர்த்தும் தசையை நாம் நினைத்தபோது இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் கட்டுப்படும் என்றார் அவர். கண்ணோரம் சுருங்கும் சிரிப்புக்கு இன்று ‘துஷேன் சிரிப்பு’ என்றே பெயர். சார்டானிக் சிரிப்பு உதட்டோடு நின்றுவிடும், கண்ணுக்கு ஏறாது.

18. ஏளனத்தின்போது ஒருபக்க மேலுதடு மட்டும் உயர்ந்து கோரைப்பல் தெரிவதைச் சார்லஸ் டார்வின் 1872இல் எழுதிய ‘மனிதரிலும் விலங்குகளிலும் உணர்ச்சி வெளிப்பாடு’ என்ற நூலில் குறித்திருக்கிறார். கடிக்கப் பாயும் நாயின் முகத்தோடு அதை ஒப்பிட்டார்.

19. ஆங்கிலத்தில் ஏளனம் மூக்கு வழியாகவும் வரும். ‘ஸ்னீர்’, ‘ஸ்னிக்கர்’, ‘ஸ்னார்ட்’ என்ற ஏளனச் சொற்களும், ‘ஸ்னவுட்’, ‘ஸ்னிஃப்’, ‘ஸ்னீஸ்’ என்ற மூக்குச் சொற்களும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. இப்படி ஓர் ஒலியும் ஒரு பொருளும் சேர்ந்தே வரும் கூட்டத்துக்கு மொழியியலாளர் ஜே. ஆர். ஃபிர்த் 1930இல் ‘ஃபோனஸ்தீம்’ என்று பெயர் வைத்தார். நம்மவர்களும் மூக்கைச் சுளிப்பார்கள்; முகவாய்க்கட்டையைத் தோளில் இடித்துக்கொள்வதும் உண்டு.

உறவுச் சொற்கள்

20. சார்காஸ்டிக்: ‘சார்க்ஸ்’ என்றால் கிரேக்கத்தில் சதை. ‘சார்காசெய்ன்’ என்றால் நாயைப்போலச் சதையைப் பிய்ப்பது. பிணத்தைத் தின்னும் கல் என்று பெயர்பெற்ற கற்சவப்பெட்டி ‘சார்கோஃபகஸ்’, தசையிலும் எலும்பிலும் வரும் ‘சார்கோமா’ என்ற புற்றுநோய் எல்லாம் இந்த வேரிலிருந்து வந்தவை. வார்த்தையால் குதறுவது என்று நாம் சொல்வதையே கிரேக்கர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

21. சினிக்கல்: கிரேக்க மொழியில் நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. வீடு வாசல் இல்லாமல் தெருவில் வாழ்ந்த டயோஜனஸையும் அவர் வழி வந்தவர்களையும் ஏதென்ஸ்காரர்கள் நாய் என்று ஏசினார்கள். அவர்கள் அதையே பெயராக ஏற்றுக்கொண்டார்கள். பகலில் விளக்கேந்தி மனிதனைத் தேடினார் என்று டயோஜனஸைப் பற்றிக் கதை உண்டு. ஆசையைத் துறந்து நேர்மையாக வாழ்வதே அவர்கள் கொள்கை. இன்றோ எந்த மனிதரிடமும் நேர்மை இருக்காது என்று நினைப்பவரைத்தான் ‘சினிக்’ என்கிறோம். பொருள் தலைகீழாகிவிட்டது.

22. ஐரானிக்: கிரேக்க நாடகத்தில் தன்னைக் குறைத்துக் காட்டிக்கொண்டே பெருமைக்காரனைக் கவிழ்க்கும் பாத்திரத்துக்கு ‘எய்ரோன்’ என்று பெயர். எதிரே வரும் பெருமைக்காரன் ‘அலசோன்’. அரிஸ்டாட்டில் இந்த இருவரையும் இரு கோடியில் நிறுத்தி, உண்மை பேசுகிறவனை நடுவில் வைத்தார். ஒன்றும் தெரியாதவர்போலக் கேள்வி கேட்டே எதிராளியை மடக்கிய சாக்ரடீஸின் முறைக்கு இன்றும் ‘சாக்ரடிக் ஐரனி’ என்று பெயர்.

23. சட்டிரிக்கல்: இது சமையலறையிலிருந்து வந்த சொல். ‘லான்க்ஸ் சாட்டுரா’ என்றால் லத்தீனில் பலவகைப் பழங்கள் நிரம்பிய தட்டு. பலவற்றையும் கலந்து பேசும் கவிதைக்கு ரோமானியர் அந்தப் பெயரை வைத்தார்கள். ஆட்டுக்கால் கொண்ட ‘சாட்டிர்’ என்ற வனதேவதையிலிருந்து வந்தது என்று நெடுங்காலம் தவறாக நம்பினார்கள். ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729இல் வெளியிட்ட ‘எ மாடஸ்ட் புரொபோசல்’ இந்த வகைக்கு எடுத்துக்காட்டு. அயர்லாந்து ஏழைகளின் குழந்தைகளை உணவாக விற்கலாம் என்று யோசனை சொல்வதுபோல எழுதி, ஏழைகளைக் கைவிட்டவர்களைக் கூண்டில் ஏற்றினார் அவர்.

24. மார்டன்ட்: கடிக்கும் என்று பொருள். கூரிய கேலிக்கும் இதே சொல், துணியில் சாயத்தைப் பிடித்து நிறுத்தும் பொருளுக்கும் இதே சொல். சோழமண்டலக் கரையில் சாயவேரின் சிவப்பைப் பருத்தியில் நிலைக்கவைத்தது படிகாரம், அதுதான் மார்டன்ட். துவைத்தாலும் போகாத அந்தச் சிவப்பைக் கண்டு ஐரோப்பியக் கம்பெனிகள் கப்பல் கப்பலாகத் துணி வாங்கின. அந்தத் தொழில்நுட்பத்தைக் கண்டறிந்து 1742இல் கடிதமாக எழுதி அனுப்பியவர் ஏசு சபைப் பாதிரியார் கோர்தூ. படிகாரம் நூலைக் கடித்துக்கொள்வதுபோல மார்டன்ட் கேலியும் மனத்தில் ஒட்டிக்கொள்ளும்.

25. காஸ்டிக் என்றால் எரிப்பது. சோப்பு செய்யும் காஸ்டிக் சோடாவில் இருப்பதும் அதே சொல். ‘ட்ரென்சன்ட்’ என்றால் வெட்டுவது. ‘ஸ்கேதிங்’ என்பது ஸ்காண்டிநேவியரின் பழைய நார்ஸ் மொழியில் ஊறு செய்தலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. ‘ரை’ என்றால் கோணியது, முறுக்கியது. உதட்டைக் கோணலாக்கிச் சிரிக்கும் சிரிப்பு ‘ரை ஸ்மைல்’. ‘ஸ்னைட்’ 19ஆம் நூற்றாண்டில் போலிச் சரக்கைக் குறித்த கொச்சைச் சொல். பிறகுதான் மறைவாகக் குத்தும் பேச்சுக்கு வந்தது.

26. தேர்வு எழுதுகிறவர்கள் தடுமாறும் இரட்டையர் ‘டிரைசிவ்’, ‘டிரைசரி’. இரண்டும் லத்தீன் ‘ரிடேரே’, அதாவது சிரித்தல் என்ற வினையிலிருந்து வந்தவை. ஏளனம் செய்கிறவரின் சிரிப்பு ‘டிரைசிவ்’. ஏளனத்துக்கு இடமாகும்படி அற்பமாக இருப்பது ‘டிரைசரி’. தொழிலாளர்கள் கேட்ட ஊதிய உயர்வில் நூற்றில் ஒரு பங்கை முதலாளி தர முன்வந்தால் அந்தத் தொகை ‘டிரைசரி’. அதைக் கேட்டுக் கூட்டத்தில் எழும் சிரிப்பு ‘டிரைசிவ்’.

எங்கே, எப்படிச் சொல்வது?

27. உச்சரிப்பில் அழுத்தம் நடுவில்: சார்-டா-னிக். ‘இக்’ என்று முடியும் ஆங்கிலச் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்திய அசைதான் ஓங்கும். சார்-காஸ்-டிக், ஐ-ரா-னிக் ஆகியவையும் அப்படியே. நாம் முதல் அசையில் அழுத்துவதால்தான் ஆங்கிலேயர் காதுக்குச் சில சமயம் புரியாமல் போகிறது.

28. ‘சார்டானிக்’ எல்லாப் பெயரோடும் சேராது. சிரிப்பு, இளிப்பு, பார்வை, குரல், நகைச்சுவை, கருத்துரை ஆகியவற்றோடு சேரும். ஒரு மனிதரையும் சார்டானிக் என்று சொல்லலாம். வினையடை ‘சார்டானிக்கலி’. ‘சார்காஸ்டிக்’குக்கு ‘சார்காசம்’ என்ற பெயர்ச்சொல் நாக்கில் புழங்குகிறது; ‘சார்டானிக்’குக்கு அப்படிப் புழக்கத்தில் உள்ள பெயர்ச்சொல் இல்லை. ‘சார்டானிசிசம்’ அகராதியில் உண்டு, பேச்சில் அரிது.

29. வேறுபாட்டை இரண்டு காட்சிகளில் பார்த்துவிடலாம். பிள்ளை நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கி வந்து காட்டுகிறாள். மாமா பேப்பரை வாங்கிப் பார்த்துவிட்டு, “மீதி ரெண்டு மார்க்கை யாருக்கும்மா தானம் பண்ணே?” என்கிறார். இது ‘சார்காஸ்டிக்’: எதிரே ஆள் வேண்டும், வாயில் சொல் வேண்டும், அது அந்த ஆளைக் குத்த வேண்டும்.

30. இரண்டாவது காட்சி. ரேஷன் கடை வாசலில் காலை ஏழு மணிக்கே வந்து வரிசையில் நின்ற பெரியவர். பதினோரு மணிக்கு அவர் முறை வரும்போது, ‘இன்று சரக்கு இல்லை’ என்று பலகையைத் திருப்பி மாட்டுகிறார்கள். அவர் சத்தம் போடவில்லை. கையிலிருந்த பையை நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கே ஒருமுறை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். பலகையைப் பார்த்து உதட்டின் ஒரு ஓரம் மட்டும் மேலேறுகிறது. கண் அப்படியே இருக்கிறது. இது ‘சார்டானிக்’. அவர் யாரையும் குத்தவில்லை. நம்பிக்கை விட்டுப்போன இடத்தில் அந்தச் சிரிப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது.

31. இதே அளவுகோலை மற்றவற்றுக்கும் வைக்கலாம். தீயணைப்பு நிலையமே தீப்பிடித்தால் நிலைமை ‘ஐரானிக்’. எல்லா வேட்பாளரும் திருடர் என்று ஓட்டுப் போடப் போகாதவர் ‘சினிக்கல்’. ஊழலைக் கிழிக்கும் நாடகம் ‘சட்டிரிக்கல்’. மனிதர், நிலைமை, படைப்பு, முகம் என்று நாலாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் வராது.

32. சார்டானிக் எழுத்துக்குப் பெயர்போனவர் அமெரிக்க எழுத்தாளர் ஆம்புரோஸ் பியர்ஸ். உள்நாட்டுப் போரில் படைவீரராக இருந்து சாவை நெருக்கமாகப் பார்த்தவர். சொற்களுக்குக் கசந்த விளக்கங்கள் எழுதித் தொகுத்தார். 1906இல் ‘சினிக்கின் சொற்புத்தகம்’ என்றும், 1911இல் ‘சாத்தானின் அகராதி’ என்றும் அது நூலாக வந்தது. ‘பிட்டர் பியர்ஸ்’, அதாவது கசப்புப் பியர்ஸ் என்றே அவரை அழைத்தார்கள். 1913இல் புரட்சி நடந்த மெக்சிகோவுக்குப் போனவர் திரும்பவே இல்லை.

33. எழுத்தில் குரல் கேட்காது. அதனால் கேலி புரியாமல் சண்டை வருகிறது. இது இன்றைய வாட்ஸ்அப் சிக்கல் மட்டுமல்ல. கேலிக்குத் தலைகீழ் ஆச்சரியக்குறி போடலாம் என்று 1668இலேயே ஜான் வில்கின்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார் சொன்னார். 1899இல் அல்கான்டர் தெ பிராம் என்ற பிரெஞ்சுக் கவிஞர் தனிக்குறியே வரைந்தார். எதுவும் நிலைக்கவில்லை.

34. தமிழில் பெயர்க்கும்போது எல்லாவற்றுக்கும் ‘கிண்டலான’ என்று போட்டுவிடக் கூடாது. சேர்ந்து சிரிப்பது கேலி, கிண்டல். வாய்த்துடுக்கோடு வருவது நக்கல். ஆளைத் தாழ்த்துவது ஏளனம், இளக்காரம்; ‘டிரைசிவ்’ இந்தப் பக்கம் வரும். ‘சார்காஸ்டிக்’குக் குத்தல் பொருந்தும். ‘சட்டிரிக்கல்’ அங்கதம். ‘சார்டானிக்’குக் கசந்த சிரிப்பு, விரக்திச் சிரிப்பு என்று இடம் பார்த்து வைக்கலாம்.

35. இந்தப் பாகுபாடு நமக்குப் புதிதல்ல. நகை பிறக்கும் நான்கு இடங்களில் எள்ளலை முதலில் வைத்தது தொல்காப்பியம். அங்கதத்தையும் நேரே சொல்லும் செம்பொருள் அங்கதம், மறைத்துச் சொல்லும் பழிகரப்பு அங்கதம் என்று இரண்டாகப் பிரித்தது. தொண்டைமானின் ஆயுதங்கள் நெய் பூசி அழகாக இருக்கின்றன, அதியமானின் ஆயுதங்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று தொண்டைமானிடம் தூது போன ஔவையார் சொன்னது புறநானூற்றில் இருக்கிறது. புகழ்வதுபோல இகழ்ந்து, ஒரு போரை நிறுத்தப் பார்த்த கேலி அது.

36. கடைசியாக ஒன்று. சதையைப் பிய்ப்பது, கடிப்பது, எரிப்பது, வெட்டுவது, நஞ்சால் முகம் இழுபடுவது: ஏளனத்துக்கு மனிதர்கள் தேடிக்கொண்ட சொற்கள் இவை. அது எவ்வளவு வலிக்கும் என்று தெரிந்துதான் இப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்விஃப்ட்டும் ஔவையாரும் அதை வலியவர்களை நோக்கிப் பிடித்தார்கள். அங்கே அதற்கு வேலை இருக்கிறது. தொண்ணூற்றெட்டு மார்க்கோடு வந்து நிற்கும் பிள்ளையிடம் வேலை இல்லை. அவளிடம் “நல்லா பண்ணியிருக்கேம்மா” என்று மட்டும் சொல்லுங்கள்.